ஓர் அங்குலக் கணக்கு

மேஜையின்மேல் கை ஓர் அங்குலம் நகர்ந்தால், திரையில் அம்பு எத்தனை அங்குலம் நகர வேண்டும்? கேட்டால் இது ஒரு கேள்வியாகவே தோன்றாது. பால் விலை, பள்ளிக்கூடச் சம்பளம், மாமியாரின் முழங்கால் வலி என்று ஆயிரம் கவலைகளுக்கு நடுவே இதை யார் யோசிக்கப் போகிறார்கள்? யோசிக்கிறார்கள். கம்ப்யூட்டரில் துப்பாக்கி ஆட்டம் ஆடுகிற இளைஞர்கள் உலகம் முழுவதும் இதை யோசிக்கிறார்கள். இதற்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வேலை வந்து சேர்ந்த விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சங்கதி என்ன என்று பார்த்துவிடுவோம். மவுஸை மெதுவாக ஓர் அங்குலம் தள்ளிப் பாருங்கள். அம்பு திரையில் கொஞ்ச தூரம் போய் நிற்கும். அதே ஓர் அங்குலத்தை வெடுக்கென்று தள்ளிப் பாருங்கள். அம்பு பாதித் திரையைத் தாண்டிப் போய்விடும். கை போன தூரம் ஒன்றுதான், வேகம்தான் வேறு. கையின் வேகத்துக்குத் தக்கபடி தூரத்தைக் கூட்டிக் கொடுக்கிறது கம்ப்யூட்டர். இந்த உபகாரத்துக்கு மவுஸ் ஆக்ஸிலரேஷன் என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தில் முடுக்கம் என்று படித்தோமே, அதன் உறவுதான். பையன்கள் இதை ‘ஆக்ஸல்’ என்று செல்லமாகச் சுருக்கிவிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நம்பிக்கை வராதவர்கள் ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். காசு செலவில்லை. மேஜையின்மேல் ஒரு மர ஸ்கேலை வைத்து, அதன் ஆரம்ப முனையில் மவுஸை வையுங்கள். அம்பு திரையின் இடது பக்கத்தில் ஏதாவது ஓர் எழுத்தின்மேல் நிற்கட்டும். இப்போது ஸ்கேல் ஓரமாகவே மவுஸை வலப்பக்கம் சட்டென்று தள்ளுங்கள். அம்பு திரையின் விளிம்பில் போய் முட்டாத அளவுக்குத் தள்ளினால் போதும். பிறகு ஆமை நடையில், அதே தூரம் திரும்பிக் கொண்டுவாருங்கள். கை புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. அம்பு வரவில்லை. நடுவழியில் எங்கேயோ, இடம் தெரியாத ஊரில் இறங்கிவிட்ட பிரயாணி மாதிரி நிற்கிறது.

பதினைந்து வருஷமாக நான் கம்ப்யூட்டரில்தான் நாவல் எழுதி வருகிறேன். இப்படி ஓர் உபகாரம் எனக்கு நடந்துகொண்டிருந்த விஷயமே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கும்போது உப்பைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

இந்த உபகாரம் ஏன் ஏற்பட்டது என்பதும் ரஸமான கதைதான். மவுஸ் பிறந்தது அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில். டக்ளஸ் எங்கல்பர்ட் என்பவர் யோசனை சொல்ல, பில் இங்கிலீஷ் என்ற இஞ்சினியர் 1964ல் அதைச் செய்து கொடுத்தார். ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரம். மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9ஆம் தேதி ஸான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஒரு பெரிய சபைக்கு முன்னால் எங்கல்பர்ட் அதை இயக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு திரைகள் பெரிதாகிக்கொண்டே போயின. மேஜைகள் பெரிதாகவில்லை. திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடவும் வேண்டும். ஓடிப் போய்க் கடுகளவு பெருக்கல் குறியின்மேல் சரியாக நிற்கவும் வேண்டும். ஓட வேண்டுமானால் கைக்கு வேகம் தேவை. நிற்க வேண்டுமானால் நிதானம் தேவை. இரண்டையும் ஒரே கை செய்வதற்காகக் கண்டுபிடித்த யுக்திதான் ஆக்ஸல்.

அதனால் வேலை சீக்கிரம் முடிகிறதா? 1990ல் ஹெர்பர்ட் ஜெல்லினெக், ஸ்டூவர்ட் கார்ட் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். கையின் வேகம் கூடவில்லை, மேஜையில் இடம்தான் மிச்சமாகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. 2008ல் வெளியான இன்னோர் ஆய்வு, சின்னஞ்சிறு குறிகளைத் தொடுவதில் ஆக்ஸலுக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு என்று கண்டது. எப்படியிருந்தாலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. மேஜையில் இடம் மிச்சமாகிறது என்ற அந்தச் சின்னச் செய்தியை மட்டும் வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

2001ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது இந்த உபகாரத்துக்குப் புது நாமகரணம் செய்தார்கள். ‘என்ஹான்ஸ் பாயிண்டர் ப்ரிஸிஷன்’ என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் அவர்களே போட்டுக் கொடுத்த டிக். அம்பின் துல்லியத்தை அதிகப்படுத்து என்று அர்த்தம். துல்லியம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நல்ல பெயராக வைத்துவிட்டால் பாதிப்பேர் கேள்வி கேட்பதில்லை என்பது கதைக்குத் தலைப்பு வைத்துப் பழகிய எனக்குத் தெரியும். இன்றைய விண்டோஸிலும் அந்தக் கட்டம் இருக்கிறது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

1993ல் வந்த ‘டூம்’ ஆட்டத்தைப் பெரும்பாலோர் கீபோர்டிலேயே ஆடினார்கள். 1996ல் ‘க்வேக்’ வந்தது. அதில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் பார்க்கலாம். இடது கை கீபோர்டில் நடக்க, வலது கை மவுஸில் பார்க்க என்று ஒரு முறை பரவியது. அதைப் பரவச் செய்தவர்களில் டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞர் ஒருவர். 1997ல் க்வேக் போட்டி ஒன்றில் அவர் ஜெயித்தபோது, அந்த ஆட்டத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் தம்முடைய சொந்த ஃபெராரி காரையே பரிசாகக் கொடுத்துவிட்டார். மவுஸுக்கு மவுசு வந்தது அன்றைக்குத்தான்.

இந்த ஆட்டங்களில் மவுஸ் ஓர் அம்பை நகர்த்துவதில்லை. உங்கள் தலையை நகர்த்துகிறது. கண் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் துப்பாக்கியும் பார்க்கிறது. வலப்பக்கச் சுவரோரம் எதிரியின் தோள் தெரிந்த க்ஷணத்தில் அங்கே திரும்பிச் சுட வேண்டும். கண் ஒன்றைப் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசைவதற்கு ஒரு விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஆகவே அந்தத் திருப்பத்தின் பெரும்பகுதியைக் கை தன் பழக்கத்தினாலேயே செய்து முடித்துவிட வேண்டியிருக்கிறது. கடிதம் எழுதுகிறவன் அம்பு போகிற வழியைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆட்டக்காரனுக்கு அந்த அவகாசம் கிடையாது. இருட்டில் எழுந்து தண்ணீர்ச் செம்பை எடுக்கிறோமே, அந்த மாதிரி: கை நீளமும் செம்பு இருக்கும் இடமும் பழகியிருக்க வேண்டும். தினம் ராத்திரி யாராவது செம்பை நாலு விரற்கடை தள்ளித் தள்ளி வைத்தால் என்ன ஆகும்?

ஆக்ஸல் கூடாது என்கிற கட்சியின் வாதம் இதுதான். நல்ல வாதம். அதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. பதற்றத்தில் கை வேகமாகப் போகும். கை வேகமாகப் போனால் ஆக்ஸல் தூரத்தைக் கூட்டும். ஆக, வீட்டில் நிம்மதியாகப் பழகிய கணக்கு வேறு. போட்டியில் நெஞ்சு படபடக்கும்போது கிடைக்கிற கணக்கு வேறு. தொழிலாகவே ஆடுகிறவர்களில், முக்கியமாக ‘கவுண்ட்டர்-ஸ்டிரைக்’ ஆடுகிறவர்களில், பெரும்பாலோர் ஆக்ஸல் இல்லாமல் ஆடுவது இதனால்தான்.

என் மருமான் இந்தக் கட்சி. திருச்சியில் இருக்கிற என் அக்காவின் பிள்ளை. இஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். அவனுடைய காலேஜில் ஐந்து பேர் கொண்ட கவுண்ட்டர்-ஸ்டிரைக் கோஷ்டி ஒன்று இருக்கிறது. இவன் கேப்டன். நான் போய்ச் சேர்ந்த அன்று கூடத்தில் அவனும் இன்னொரு பையனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். காப்பி ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது. இரண்டு பேரும் தொடவில்லை.

“மாமா, நீங்களே சொல்லுங்க. இவன் ஆக்ஸல் போட்டு ஆடறான். ஆஃப் பண்ணு, இல்லேன்னா வெளியில உட்காருன்னு சொல்றேன். தப்பா?”

ஆக்ஸல் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலே நான் எழுதிய ஸ்கேல் பரீட்சையை மருமான்தான் செய்து காட்டினான். தையல் மெஷின் மேல் இருந்த ஸ்கேலை எடுத்து வந்து, வக்கீல் மாதிரி நிரூபித்தான்.

“சரிடா. அவன் சுடறது படுதா, படலையா?”

“படுது மாமா. இன்னிக்குப் படும். மாட்ச் அன்னிக்குக் கை உதறும். அப்போ ஆக்ஸல் தூக்கி அடிக்கும்.”

“உதறினா உனக்கும்தானேடா தப்பும்?” என்றான் அந்தப் பையன். அவன் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு என் பக்கம் திரும்பி, “சார், என் கை இவ்வளவுதான் போகும்” என்று வலது கையை மேஜைமேல் வைத்துக் காட்டினான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டிருக்கிறான். உள்ளே தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். கை முழுக்க நீளாது, முழுக்க மடங்காது. முழங்கையிலிருந்து வீசி ஆட முடியாது. மணிக்கட்டினால்தான் ஆட வேண்டும். மணிக்கட்டு போகிற தூரத்தை மர ஸ்கேலால் அளந்தோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டாக வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது இத்தனை தரம் கம்ப்யூட்டருக்குச் செய்தி சொல்கிறது என்று ஒரு எண்ணிக்கை உண்டு, டி.பி.ஐ. என்பார்கள். என் மருமானுக்கு அது 800. கவுண்ட்டர்-ஸ்டிரைக்கில் அளவை 1 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு செய்திக்கும் தலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் 22 பங்கு திரும்பும். முழு வட்டமாக ஒரு சுற்றுச் சுற்ற 16,364 செய்திகள் தேவை. அதாவது இருபது அங்குலத்துக்கு மேல், 52 சென்டிமீட்டர். பின்னால் காலடிச் சத்தம் கேட்டு அப்படியே திரும்பிப் பார்க்க வேண்டுமானால் அதில் பாதி, 26 சென்டிமீட்டர். மருமானுக்கு இது பிரமாதம் இல்லை. அவன் மேஜையையே துடைக்கிறவன் மாதிரி கையை வீசி ஆடுகிறான். பன்னிரண்டு சென்டிமீட்டர் கைக்காரன் திரும்பிப் பார்ப்பதற்குள் முதுகில் குண்டு பாய்ந்துவிடும்.

அப்படியானால் அளவை 1லிருந்து இரண்டுக்கு மேலே ஏற்றிவிட்டால் என்ன? திரும்பலாம். ஆனால் தூரத்தில் ஜன்னலுக்குள் தெரிகிற தலையைக் குறிபார்க்கும்போது, கையின் ஒவ்வொரு சின்ன நடுக்கமும் இரண்டு மடங்காகி விடும். பையன் ஆறு மாதம் அப்படி ஆடிப் பார்த்திருக்கிறான். கிட்டத்தில் சுட்டது பட்டது; தூரத்தில் சுட்டது சுவரில் பட்டது. அதற்குப் பிறகுதான் அவன் ஆக்ஸலுக்குப் போனான். மெதுவாக நகர்த்தினால் மருமானுடைய அதே நிதானமான அளவு. வெடுக்கென்று திருப்பினால் அதைப்போல் மூன்று மடங்கு. பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் உலகம் அடங்கிவிட்டது.

மேஜையில் இடம் மிச்சமாகிறது என்று 1990ல் சொன்னார்களே, அது இதுதான். நமக்கெல்லாம் அது ஒரு சௌகரியம். இந்தப் பையனுக்கு ஐவரில் ஒருவனாக உட்காரும் நாற்காலி.

இனிமேல்தான் நான் கண்டுபிடித்த வேடிக்கை வருகிறது. இரண்டு நாள் அக்கா வீட்டிலேயே தங்கி, இரண்டு பையன்களையும் குடைந்து குடைந்து கேட்டேன். கிடைத்ததை எல்லாம் படித்தேன். நாவலுக்கு இவ்வளவு சிரத்தை எடுத்திருந்தால் பதிப்பாளர் என்னைக் கோயில் கட்டிக் கும்பிடுவார். மருமான் திட்டுகிற ஆக்ஸலும், பையன் போட்டிருக்கிற ஆக்ஸலும் ஒன்றே அல்ல!

மருமான் திட்டுவது விண்டோஸ் தருகிற ஆக்ஸலை. அந்தக் கட்டமும் டிக்கும். அது எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் செய்தது. எந்த வேகத்துக்கு எத்தனை மடங்கு என்பதை அவர்களே தீர்மானித்து உள்ளே வைத்துவிட்டார்கள். நம் கைக்கு ஏற்றபடி வளைக்க அந்த இடத்தில் வழி இல்லை. எத்தனை மடங்கு என்று எண்ணாகக்கூடச் சொல்வதில்லை. 2003ல் வந்த ‘கவுண்ட்டர்-ஸ்டிரைக் 1.6’ காலத்தில் இது பெரிய தொந்தரவாக இருந்தது. அந்த ஆட்டத்தைத் தொடங்குகிறபோதே ‘நோஃபோர்ஸ்எம்ஆக்ஸல்’ என்று ஒரு மந்திரத்தை எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். நம் ஊர் பிரௌஸிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடிய அண்ணன்மார்கள் அந்த மந்திரத்தைத் தம்பிமார்களுக்கு உபதேசித்தார்கள். தம்பிமார்கள் அவர்களுடைய தம்பிமார்களுக்கு உபதேசித்தார்கள். அப்படி வந்து சேர்ந்ததுதான் என் மருமானின் வேதம்.

இன்றைய கவுண்ட்டர்-ஸ்டிரைக் மவுஸின் செய்தியை விண்டோஸ் கூட்டிக் கழிப்பதற்கு முன்னாலேயே நேராக வாங்கிக்கொள்கிறது. ‘ரா இன்புட்’ என்று அதற்குப் பெயர். நடுவே தரகர் கிடையாது. ஆகவே அந்த டிக் இருந்தாலும் சரி, எடுத்தாலும் சரி, இந்த ஆட்டத்துக்குள் ஒன்றும் ஆவதில்லை. போன வருஷம் அதை எடுத்த பிறகுதான் தன் குறி திருந்தியது என்று மருமான் சத்தியம் செய்கிறான். திருந்தியிருக்கலாம். தினம் மூன்று மணி நேரம் அப்பியாசம் செய்தால் எதுவும் திருந்தும். இதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா, “குழந்தையை ஏண்டா சீண்டறே?” என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டாள்.

பையன் போட்டிருப்பது வேறு. ‘ராக் ஆக்ஸல்’ என்று என் காதில் விழுந்தது. பாட்டுக் கச்சேரி சமாசாரமோ என்று நினைத்தேன். ‘ரா ஆக்ஸல்’. இலவசமாகக் கிடைக்கிற ஒரு டிரைவர். கார் டிரைவர் இல்லை; மவுஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து செய்தியை மாற்றிக் கொடுக்கிற புரோகிராம். விண்டோஸுக்குச் செய்தி போவதற்கு முன்னாலேயே இது வேலை செய்துவிடுவதால், நேராக வாங்குகிற ஆட்டங்களிலும் செல்லுபடியாகும். எந்த வேகத்தில் தொடங்கி, எவ்வளவு ஏறி, எங்கே நிற்க வேண்டும் என்பதை ஆடுகிறவனே ஒரு கோடாக வரைந்துகொள்ளலாம். பையன் தன் கோட்டைக் காட்டினான். கொஞ்ச தூரம் தரையோடு போய், சரிவாக ஏறி, மறுபடி சமமாக ஓடியது. நாலு மாதமாக அதை ஓர் இழைகூட மாற்றவில்லையாம். இது குறியைத் தானாகத் தேடிக் கொடுக்கிற கள்ள வித்தையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இல்லை. அதற்குத் திரையில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. திருட்டுக்கு உபயோகப்படக் கூடாது என்பதற்காகவே, அமைப்பை மாற்றினால் அது அமலுக்கு வர ஒரு விநாடி தாமதம் வைத்திருக்கிறார்கள் அதை எழுதியவர்கள். இந்த ஆட்டத்தில் ஒரு விநாடி என்பது ஒரு யுகம்.

அப்படியானால் மாறாத அளவு என்று மருமான் வற்புறுத்தினானே, அது என்ன ஆயிற்று? யோசித்துப் பார்த்தால், அந்தக் கோடு மாறவே இல்லை. இந்த வேகத்துக்கு இந்த அளவு என்பது நேற்றும் அதுவே, இன்றும் அதுவே. கை கற்றுக்கொள்ள வேண்டியது தூரம் மட்டுமல்ல, வேகமும் சேர்த்து என்று ஆகிறது. பாடம் கொஞ்சம் பெரிதாகிறது. கற்க முடியாத பாடம் இல்லை. கிரிக்கெட் பந்தைத் தூக்கி எறிகிறவன் கையின் வேகத்தினால்தானே தூரத்தை அளக்கிறான்? 1999ல் வந்த ‘க்வேக் 3’ ஆட்டத்திலேயே ஆக்ஸலுக்கு என்று தனி அமைப்பு இருந்தது. க்வேக் ஆட்டக்காரர்களில் கெட்டிக்காரர்கள் சிலர் அதை வேண்டுமென்றே போட்டுக்கொண்டு ஆடினார்கள். அந்த ஆட்டத்தில் சுழன்று சுழன்று ஓடவும் வேண்டும், தூரத்தில் நிற்பவனை ஊசி முனையில் சுடவும் வேண்டும். மருமானுக்கு இது தெரியாது. அவன் பிறப்பதற்கு முன்னால் நடந்த சங்கதி.

என் தீர்ப்பைக் கேட்டார்கள். சொன்னேன். புதிதாக ஆட வருகிறவன் விண்டோஸின் அந்த டிக்கை எடுத்துவிடட்டும். பழைய ஆட்டங்களில் அது கெடுதல். புதிய ஆட்டங்களில் அது இருந்தும் ஒன்றே, இல்லாமலும் ஒன்றே. வேகத்தைக் காட்டும் கோட்டில் மொத்தம் பதினொரு படிகள் உண்டு. அதில் நடுப்படியில், ஆறாவதில், வைத்துக்கொள்ளட்டும். இரண்டு மூன்று மாதம் கையைப் பழக்கட்டும். கையும் மேஜையும் அதற்கு இடம் கொடுத்தால் அப்படியே ஆடட்டும். பெரும்பாலோருக்கு அதுவே போதும். இடம் கொடுக்காதவன் தனக்கென்று ஒரு கோடு வரைந்துகொண்டால் அவனைக் குற்றவாளி மாதிரி பார்க்க வேண்டியதில்லை. வரைந்துவிட்டு வாரத்துக்கு ஒரு தரம் அழித்து அழித்து எழுதுகிறவனை வேண்டுமானால் குற்றவாளி என்று சொல்லலாம். போட்டிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளில் ஒருவனுடைய கையை மாற்றச் சொல்வது, அவனைக் கழற்றிவிடுவதற்கு மரியாதையான பெயர் என்றும் சொன்னேன். ஏகலைவன் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை. மருமானைத் துரோணராக்கிவிட்டால் அக்கா எனக்கு ராத்திரிச் சாப்பாடு போடமாட்டாள்.

மருமான் சும்மா இருக்கவில்லை. கேப்டன் அல்லவா? அவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

“மாமா, போட்டி நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல நடக்கப்போறதில்லை. அவங்க ஹால்ல, அவங்க மெஷின்ல. மவுஸை எடுத்துட்டுப் போகலாம். டிரைவரை எடுத்துட்டுப் போய் அங்க போட விடுவாங்களா? விடலைன்னா இவன் அன்னிக்கு என்ன பண்ணுவான்? அவன் ஒருத்தன் உட்கார்ந்தா நாங்க நாலு பேரும் உட்காரணும்.”

ஆக்ஸலுக்கு எதிராக நான் கேட்டவற்றில் இதுதான் பலமான வாதம். பௌதிகமும் இல்லை, பழக்கமும் இல்லை. அடுத்தவன் வீட்டு மேஜை. ஆக்ஸல் இல்லாதவன் எந்த ஊருக்குப் போனாலும் இரண்டு எண்களை மனப்பாடமாகக் கொண்டுபோனால் போதும். தனக்கென்று கோடு வைத்திருக்கிறவன் யாருடைய அனுமதிக்காவது காத்து நிற்க வேண்டும். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் அது தெரிந்தே இருந்தது. கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்று கேட்காமலே இருந்திருக்கிறான்.

“கேட்டுப் பார்க்கலாமே. ஒரு கடிதம் எழுதினால் என்ன?” என்றேன்.

“நீங்கதான் எழுத்தாளர் ஆச்சே, நீங்களே எழுதுங்க” என்றான் மருமான். கேலியாகச் சொன்னானா, உண்மையாகச் சொன்னானா என்று தெரியவில்லை. எழுத உட்கார்ந்தேன். எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறேன். இந்த அரைப் பக்கம் வாங்கிய வேலையை அவை வாங்கவில்லை. பரிதாபம் தேடுகிற மாதிரி இருக்கக் கூடாது என்று பையன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். முழங்கையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். டிரைவரின் பெயர், அது என்ன செய்கிறது, என்ன செய்யாது, அதை அமைத்த பிறகு கம்ப்யூட்டரை ஒரு தரம் அணைத்துப் போட வேண்டும் என்ற விவரம், ஆட்டம் முடிந்ததும் எடுத்துவிடுகிறோம் என்ற உறுதி. நான் போட்ட இரண்டு அடைமொழிகளை மருமான் அடித்தான். அடித்தது சரிதான். கேப்டன் என்ற முறையில் கீழே அவனே கையெழுத்துப் போட்டான்.

நாலாம் நாள் பதில் வந்தது. இரண்டு வரி. ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வர வேண்டியது. தங்கள் ஆள் ஒருவர் கூட இருக்கும்போது அமைத்துக்கொள்ள வேண்டியது.

மருமான் அதை இரண்டு தரம் படித்தான். பிறகு பையனுக்குப் போன் செய்தான்.

“எட்டு மணிக்கே அங்க இருக்கணும்டா. ரீஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். நானும் வர்றேன்” என்றான்.